நான்கு இழுப்பு

கயிறு ஈரமாக இருந்தது.

காலை ஆறரை மணிக்குப் பெரிய தொட்டியின் மேல்தளத்துக்கு ஏறிய சின்னையா, கொக்கியில் சுருட்டித் தொங்கவிட்டிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். பதினேழு நாட்களாக யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. ஆனாலும் கயிற்றின் நுனியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி, இரும்புத் தளத்தின் ஓட்டைகள் வழியாகக் கீழே இருட்டுத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. சுவருக்குப் பின்னால் பம்பு உறுமியது. கணவாயும் பாசியும் குளோரினும் கலந்த வாடை, கோலாலம்பூரின் அந்தப் பேரங்காடியின் அடித்தள மீன் காட்சியகத்துக்கே உரிய வாடை, மூக்கில் ஏறி உட்கார்ந்தது. ஒன்பது வருஷமாகப் பழகிய வாடைதான். இப்போது அதுகூட அவருக்கு எங்கோ தூரத்தில் அடிப்பதுபோல இருந்தது.

துப்புரவுக்காரன் தண்ணீர் அடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். நினைப்பதற்கு அதற்குமேல் எதுவும் வரவில்லை. கூட வேலை செய்த ஜெயராஜ் தொட்டிக்குள் இறந்த நாளிலிருந்து அவருக்கு அப்படித்தான். சாப்பாடு வாயில் போகிறது. வேலைக்குக் கால் வருகிறது. அவ்வளவு.

தொட்டிக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மறுமுனை மேலே நிற்பவன் கையில். ஒரு இழுப்பு என்றால், நல்லா இருக்கேன். வாங்கியவன் ஒருமுறை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். நான்கு இழுப்பு என்றால், என்னைத் தூக்கு. கயிற்றைக் கையிலிருந்து இறக்கவே கூடாது. புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தவர் தலைமைப் பராமரிப்பாளர் சின்னையாதான்.

அன்று ஜெயராஜ் கீழே, பாறைக்குப் பின்னால், பம்பு தண்ணீரை உறிஞ்சுகிற கம்பிவலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். பண்டமாரானிலிருந்து மீன் லோரி வந்து ஹார்ன் அடித்தது. கையெழுத்துப் போட ஆளில்லை. சின்னையா கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிட்டுப் போனார். பந்திங் தோட்டத்தில் சின்ன வயதில் மாடு கட்டிய கை. அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். மாடு செத்தாலும் அவிழாது. ஐந்து நிமிஷம் என்று போனவருக்கு லோரிக்காரன் கோப்பி வாங்கிக் கொடுத்தான். அரை மணி நேரம் ஓடிவிட்டது.

திரும்பி வந்தபோது முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மீன் கத்தியால் வெட்டித்தான் கயிற்றை எடுத்தார். ஜெயராஜின் கையுறை கம்பிவலையில் மாட்டியிருந்தது. முதுகில் மாட்டிய காற்று உருளை, தோங்கு, காலியாக இருந்தது.

"கயிறு என் கையிலதான் இருந்துச்சு. அவன் இழுக்கவே இல்ல." போலீஸிடம் சொன்னார். மேனேஜரிடம் சொன்னார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லியிடமும் சொன்னார்.

புஷ்பவல்லி ஜெயராஜின் மனைவி. கீழே தீவன அறையில் மீன் வெட்டுகிறவள். நேற்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

ஏழு மணிக்கு மேனேஜர் ராதாகிருஷ்ணன் மேலே வந்தார்.

"அண்ணே, ஸ்கூல் ஹாலிடே வருது லா. அந்தக் கம்பிவலை அடைச்சுக்கிட்டு பம்பு கத்துது. ஒருத்தனும் எறங்க மாட்டேங்குறான். நீங்கதான் எறங்கணும்."

"சரி."

"பயமா இருக்கா? சுறாகிட்டச் சொல்லி வைக்கிறேன், இது கெழட்டுக் கறி, பல்லுதான் போவும்னு." அவரே சிரித்துக்கொண்டார். சின்னையா சிரிக்கவில்லை. "கயிறு யாரு புடிக்கிறது?" என்றார் மேனேஜர்.

"நான் புடிக்கிறேன் சார்."

புஷ்பவல்லி படியில் நின்றுகொண்டிருந்தாள். ஏப்ரனில் மீன் ரத்தம். ராதாகிருஷ்ணன் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்பதுக்குக் கதவு தெறக்கணும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இடுப்புப் பெல்ட்டும் அதன் கொக்கியும் ஜெயராஜின் உடலோடு போலீஸுக்குப் போயிருந்தன. சின்னையா தோங்கை மாட்டிக்கொண்டு, கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டினார். ஒரு முழம் குறைந்த அதே கயிறு. மறுமுனையை அவளிடம் நீட்டினார்.

"புடிச்சுக்க மா. ஒண்ணு இழுத்தா ஒண்ணு இழு. நாலு இழுத்தா…"

"தெரியும்ணே. வீட்டுல சொல்லியிருக்காரு." அவள் கயிற்றின் வெட்டுப்பட்ட நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையில் சுற்றிக்கொண்டாள். "அன்னிக்குக் கயிறு உங்க கையிலதான இருந்துச்சு?"

"ஆமா மா."

"அவரு இழுக்கவே இல்ல?"

"இல்ல."

"கையில இருந்த கயித்த ஏண்ணே வெட்டுனீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. மீன் விலை கேட்பதுபோலக் கேட்டாள். சொல்லிவிடலாம். அரை மணி நேரம், கோப்பி, முடிச்சு. மூன்று வார்த்தை. சின்னையா காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டார். அதற்குமேல் யாரும் பதில் சொல்ல முடியாது. இறங்கினார்.

தண்ணீருக்குள் சத்தம் எல்லாம் மண்டைக்குள்ளேயே கேட்டது. தன் மூச்சு, குமிழி, பம்பின் நீண்ட முனகல். சுறா இரண்டும் வழக்கம்போலச் சுற்றவில்லை. தொட்டியின் மறுகோடியில், சுவரை ஒட்டி, அசையாமல் கிடந்தன. களவா மீன்கள் ஒரே வரிசையில் நின்று பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் தரையைத் தொட்டார். கயிற்றை ஒருமுறை இழுத்தார்.

ஒருமுறை பதில் வந்தது.

நல்லது.

பாறையை நோக்கி நடந்தார். தண்ணீர் குளிர்ந்தது. இந்தத் தொட்டி இப்படிக் குளிர்ந்ததில்லை. பாதி வழியில் நின்று மறுபடி ஒருமுறை இழுத்தார். பதில் உடனே வந்தது. உடனே. இழுத்த கை தளர்வதற்குள்.

பார்வையாளர் கூடத்தின் விளக்கு எரிந்தது. திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புஷ்பவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

ஏப்ரனில் அதே ரத்தம். இரண்டு கையும் கண்ணாடியில் விரித்து வைத்திருந்தாள். வெறுங்கை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிவிட்டு வந்திருக்கிறாள், என்று சின்னையா நினைத்தார். கம்பியில் கட்டிவிட்டு. நான் செய்ததுபோலவே. அந்த நினைப்பில் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நியாயம்தான் என்று பட்டது.

கட்டிய கயிறு எப்படிப் பதில் இழுக்கும்?

கயிற்றை மெல்லப் பிடித்தார். ஒருமுறை இழுத்தார்.

ஒன்று.

மேலே பார்த்தார். தளத்தின் ஓட்டைகள். வெளிச்சம். தண்ணீர். அங்கிருந்து கயிறு எதுவும் இறங்கி வரவில்லை.

கயிறு அவர் இடுப்பிலிருந்து நேராகப் போனது. விறைப்பாக. பாறையைச் சுற்றி. பின்னால். கம்பிவலை இருக்கும் இருட்டுக்குள்.

இடுப்பைத் தடவினார். கொக்கி இல்லை. முடிச்சு. விரல் தடவியதும் தெரிந்தது. பந்திங் முடிச்சு. நினைக்காமலே கை போட்டிருந்தது.

கத்தி மேலே இருந்தது.

கண்ணாடியை நோக்கிக் கையை ஆட்டினார். புஷ்பவல்லி தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அவள் பார்வை அவரைத் தாண்டிப் போயிருந்தது. பாறைக்குப் பின்னால். அவள் முகம், செத்த வீட்டிலும் அழாத முகம், மெல்ல உடைந்தது. உதடு அசைந்தது. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பம்பு நின்றது.

மௌனம்.

கயிறு இழுத்தது. ஒன்று.

முடிச்சு இறுகியது.

இரண்டு.

மூன்று.

நான்கு.

சற்று இடைவெளி. யாரோ பதிலுக்குக் காத்திருப்பதுபோல. பிறகு மறுபடி, பொறுமையாக, ஒன்றிலிருந்து.