குணச்செவி

உள்கதவின் அடைப்பானைப் பூட்டாமலே போயிருந்தான் தம்பி ரீகன். தலைக்கு மேல் இருநூறு அடிக் கடல். ஆழ்நகரின் மூன்றாம் வாசலுக்குப் பொறுப்பாளரான ஜெனோவா அதைக் கண்டு பூட்டிவிட்டாள்.

ரீகனைக் கூப்பிட்டு நிறுத்தியவள் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பாள். ஆனால் சுவரில் குணச்செவி இருந்தது.

உள்ளங்கையளவுக் கருவிதான். செய்த தப்பை யார் சொன்னாலும் குறித்துக்கொள்ளும். முப்பது நாளில் தானே அழித்துவிடும். ஆனால் 'இவன் ஆளே இப்படித்தான்' என்று நன்கு அறிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் அது குணப்பதிவு, அழியவே அழியாது. பொறுப்பற்றவன் என்று பதிவானவனை அடுத்த ஏறுகலத்தில் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருவனுடைய கவனக்குறைவால் நானூறு பேர் மூழ்கக்கூடிய ஊர் அது. சட்டத்தை ஜெனோவாவே கைதட்டி வரவேற்றவள்.

இப்போது மாட்டியிருப்பது தம்பி. ரீகனின் மகள் இங்கே பிறந்தவள், இரண்டு மாதக் குழந்தை. அவளுடைய நுரையீரலுக்குக் கரைக்காற்று ஒத்துக்கொள்ளாது. இவன் மேலே போனால் பிள்ளையை மறந்துவிட வேண்டியதுதான்.

"அடைப்பானப் பூட்டாம போயிருக்க, ரீகன்," என்றாள், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டு. "காலைல ஆறு மணிக்கு."

"பாப்பா விடிய விடிய அழுதாக்கா. கண்ணு சொக்கிட்டு."

"தெரியும்ல. ஆனா செஞ்சது தப்பு. இனிமே பூட்டி, இழுத்துப் பாத்து, என்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்."

பச்சை விளக்கு எரிந்தது. "செயல் கண்டனம். முப்பது நாள்."

ஜெனோவாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ரீகன் அடைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது போலும். முகம் வெளுத்தது. பொத்தென்று தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையால் நெற்றியில் அறைந்துகொண்டான்.

"ஏலே, வேண்டாம்ல! வாய மூடு!" பாய்ந்து போனாள்.

"நா வெளங்காத பயக்கா. பொறுப்புன்னா என்னன்னே தெரியாத பய. பொறந்ததுலேருந்தே இப்படித்தான்."

விளக்கு சிவந்தது. "குணப்பதிவு. தன் வாக்குமூலம். மறுவிசாரணை இல்லை."

"மனசு நொந்து சொல்லுதான்! என் தம்பி பொறுப்பானவன், நல்லவன்!" சுவரைப் பார்த்துக் கத்தினாள் ஜெனோவா.

"புகழுரை. பதிவுக்கு உரியதன்று."

அடுத்தவரை எப்படிக் கண்டிப்பது என்று ஆழ்நகரில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தன்னை எப்படித் திட்டிக்கொள்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தம்பி கரைக்குப் போவதைவிடப் பெரிய பயம் ஒன்று இப்போது அவளைப் பிடித்தது. அவன் சொன்னது அவன் பேச்சே அல்ல. ஒன்பது வயதில் துடுப்பைத் தொலைத்துவிட்டு நனைந்து வந்து நின்றவனை அவள் ஏசியது, ஒரு வார்த்தை மாறாமல். கரையில் குணச்செவி கிடையாது. அவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.