நாலு டிகிரி

பிரசவ வலி எடுத்த மகளை விடியற்காலையில் வார்டில் சேர்த்துவிட்டு, பத்து மணிக்கு ஸ்டோர்கீப்பர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கைத் திறந்தார். அட்டைப்பெட்டி வாடை, டியூப்லைட்டின் முனகல், மூலையில் ஃபிரிட்ஜின் உறுமல். எல்லாம் வழக்கம்போல்தான்.

ஃபிரிட்ஜ் கதவில் வெப்பநிலை அட்டை தொங்கும். தினம் இருவேளை பார்த்து எழுத வேண்டும். இந்த மகானுபாவரோ திங்கட்கிழமையே வாரம் முழுக்க 'நாலு டிகிரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார். போன மாதம் ஃபிரிட்ஜ் இரண்டு நாள் செத்துக் கிடந்து, உள்ளே முப்பத்தொரு டிகிரிக்கு ஏறியபோதும் அட்டை நாலு என்றே சொன்னது. பிரசவமானதும் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசி மருந்து சூட்டில் கெட்டுப்போனது. அதைப் போட்டுக்கொண்ட ஒரு தாய்க்கு ரத்தம் நிற்கவே இல்லை; போய்ச் சேர்ந்தாள். விசாரணையில் அட்டையைக் காட்டித் தப்பித்தார். அதன் பிறகும் நிம்மதியாகத் தூங்கினார் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அன்றும் திங்கள். பேனாவை எடுத்தார்.

அட்டை ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

எல்லாக் கட்டத்திலும் முப்பத்தொன்று. கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரல் ரேகை. எழுதத் தெரியாத அந்தத் தாய் அட்மிஷன் தாளில் வைத்த, விசாரணையில் அவர் பார்த்த அதே ரேகை.

குப்பென்று ரத்த வாடை.

நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அண்ணே, பேரன் பொறந்துட்டான். ஆனா உங்க பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. வார்டுல ஊசி தீந்துபோச்சு, குடுங்க!"

ஃபிரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்தார். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

"தாயே, என்னை என்ன வேணா பண்ணு. அவளை விட்டுடு," என்று முணுமுணுத்தார்.

காதருகே ஒரு பெண் குரல், மெல்ல: "நாலுன்னுதானே எழுதினீங்க? அதையே போடுங்க."

"இது வேணாம்மா! சுடுது, கெட்டுப்போச்சு!" என்று அலறினார்.

நர்ஸ் பெட்டியைப் பிடுங்கினாள். "பதட்டத்துல உளறாதீங்கண்ணே. ஜில்லுன்னுதானே இருக்கு? கார்டுலயும் நாலுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!"

திரும்பிப் பார்த்தார். அட்டை முழுக்க நாலு. அவருடைய கையெழுத்து.

அவள் ஓடிவிட்டாள்.

ரத்தம் நிற்கவில்லை.

இதெல்லாம் சாவியை என்னிடம் ஒப்படைத்த அன்று அவரே அழுதுகொண்டு சொன்னது. நான் தினம் இருவேளை பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் திங்கட்கிழமைகளில் கிடங்கைத் திறக்கும்போது, புது அட்டையில் ஈரம் காயாத பெருவிரல் ரேகை இருக்கிறது.

ஒன்றல்ல, இரண்டு.