பெரியவள் என்று கேட்டு வந்தது

மத்தியானம் மூன்று பத்துக்கு அம்மாவின் டேப்லெட்டிலிருந்து மாடிக்கு ஓர் அழைப்பு போயிருந்தது. அம்மா செத்துப்போய் முப்பத்தைந்து நாளாகிறது. டேப்லெட் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

சின்னவள் தன் கணினியில் அழைப்புப் பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். நேற்று மூன்று பத்து. முந்தாநாள் மூன்று பத்து. அம்மா போன மறுநாளிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

மருத்துவமனைகளின் கணினி வலைப்பின்னல்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கும் ஒன்றை அமைத்திருந்தாள். எந்த அழைப்பானாலும் கூடத்திலிருக்கும் கறுப்புப் பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பெட்டி பார்ப்பது ஒன்றே ஒன்றை: எந்தப் பெயரைக் கேட்டு வந்திருக்கிறது? 'பெரியவள்' என்றால் மாடியில் அக்காவின் கணினிக்கு; 'சின்னவள்' என்றால் கீழறையில் இவளுடைய கணினிக்கு. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா டேப்லெட்டில் ஒரு பெயரைத் தொட்டால் போதும், அந்த மகளின் அறையில் மணி அடிக்கும்.

இரண்டு வருஷத்தில் சின்னவள் பெயரை அம்மா ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

மலம் அள்ளியதும், முதுகுப் புண்ணைத் துடைத்துக் களிம்பு போட்டதும் இவள். மணி அடித்தது மாடியில். அக்கா வாரத்துக்கு ஒருமுறை சென்ட் மணக்க இறங்கி வந்து, கட்டிலைத் தொடாமல் நின்றுவிட்டுப் போவாள். "என் ராசாத்தி வந்துட்டா!" என்று அம்மா முகம் மலரும். கரண்டியும் கையுமாக இவள் பக்கத்திலேயே நிற்பாள்.

இந்தப் பதிவைப் பார்த்ததும் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. செத்த பிறகும் அம்மாவுக்கு அக்காதானா?

படியேறிப் போய்க் கேட்டாள். "அக்கா, மத்தியானத்துல உன் ரூம்ல மணி அடிக்குதா?"

அக்காவின் கண்ணுக்குக் கீழே மை அப்பினாற்போல் கருத்திருந்தது. "இல்லையே. போய் வேலையப் பாரு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு இன்னொன்று.

அம்மாவைக்கூட ஒளித்து வைத்துக்கொள்கிறாள் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

மறுநாள் மூன்று மணிக்கு உட்கார்ந்து பெட்டிக்குள் இருக்கும் விதிகளில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். 'பெரியவள்' என்று கேட்டு எது வந்தாலும் இனி கீழறைக்கு.

வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல் வெளிச்சம் கழுவாத கண்ணாடி டம்ளரின் நிறத்துக்கு மங்க, மின்விசிறியின் கரகரப்புக்கு அடியில் வேறொரு மெல்லிய கரகரப்பு, சளி கட்டிய நெஞ்சு மூச்சை இழுப்பதுபோல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் துணிகளிலிருந்து அவளே கையால் துவைத்துத் துவைத்துப் போக்க முடியாத அந்தக் களிம்பு வாடை ஈரத்துணி வாடையோடு கலந்து அறைக்குள் வந்தது.

மணி அடித்தது.

"பெரியவளே..."

'நான் சின்னவ, அம்மா' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தக் குரலில் அப்படி ஒரு குழைவு. இந்த ஜென்மத்தில் அவளிடம் அம்மா அப்படிப் பேசியதில்லை.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றாள், அக்கா பேசுகிற மாதிரியே இழுத்து.

"உள்ள வரட்டுமாடி?"

"வாம்மா."

பக்கத்து அறையில் அம்மாவின் கட்டில் கிறீச்சிட்டது.

அதே நேரம் கைபேசி அதிர்ந்தது. மாடியிலிருந்து அக்கா. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"ஏய், இன்னைக்கு மணி அடிக்கலடி! போயிடுச்சு போல. தெனமும் உள்ள வரட்டுமான்னு கேக்கும். நான் வாயே தொறக்க மாட்டேன். குரல் மட்டும்தான்டி அம்மாவோடது."

"ஏன்க்கா... ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அதுக்கும் நீ பொறாமைப்படுவ."

சின்னவள் கைபேசியைப் போட்டுவிட்டு வரியைப் பழையபடி மாற்றினாள். மூன்று முறை தப்பாக அடித்தாள். மாறிவிட்டது. ஆனால் அவளுக்குத் தெரியும். தினமும் வேலையில் பார்ப்பதுதான். மாற்றிய வரி இனிமேல் வரும் அழைப்புக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதோ, தானாகப் போகும் வரை இருக்கும்.

கூடத்தில் பாதம் தரையில் தேய்கிற சத்தம்.

நின்றது.

மறுபடி கேட்டது.

கதவு திறந்தது.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்றில்லை. களிம்பு வாடை.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் முகத்தில் படிந்தன. ஈரம். நெற்றியைத் தடவின. புருவத்தை. மூக்கை. அங்கே நின்றன.

"பெரியவளே, உன் மூக்கு இப்படி இல்லையேடி."

மூச்சு விடவில்லை.

"பரவாயில்ல. அம்மா சரி பண்ணிடறேன்."

கொஞ்சிக்கொண்டே சொன்னது. பிறகு இரண்டு கட்டைவிரல்களும் அவள் கன்ன எலும்புகளின் மேல் பதிந்து, மாவு பிசைகிற மாதிரி, மெதுவாக அழுத்தத் தொடங்கின.