வித்தவுட் ப்ரெஜுடிஸ், ஒரு கொலை

கால்வாயில் டெஸ்மண்ட் மிதந்தான்!

குப்புற... ஒரு காலில் மட்டும் ஷூவோடு.

தள்ளியது அவனோடு வீடு வாங்கி விற்கும் கம்பெனி நடத்திய பார்ட்னர் க்ளைவ்தான் என்று இங்கிலாந்தின் ஹெப்டன் பிரிட்ஜ் ஊரே சொன்னது. ஊர்வாயைக் கூண்டில் ஏற்ற முடியுமா? இன்ஸ்பெக்டர் மோரீனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆதாரம் கிடைக்காவிட்டால் கொலைகாரன் ஹாயாக வீடு விற்றுக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் டெஸ்மண்டின் மனைவி பிரெண்டா ஒரு கடிதத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தாள்.

மோரீன் அவளையும் கூட்டிக்கொண்டு நேரே க்ளைவின் ஆபீசுக்குப் போனாள். கடிதத்தை விரித்தாள்.

"'உன் புருஷனைத் தள்ளிவிட்டேன். வாயைத் திறக்காதே. கம்பெனியில் பாதி உனக்கு.' நீ எழுதினதுதானே, கண்ணு?"

"ஆமா மேடம்." க்ளைவ் டீயைக் கலக்கினான்.

"ஒத்துக்கறியா?"

"தாராளமா. மேல என்ன போட்டிருக்கு, பாருங்க."

'வித்தவுட் ப்ரெஜுடிஸ்.'

"அதைப் போட்டுட்டா கோர்ட்ல காட்டக் கூடாது! எங்க தொழில்ல எல்லா லெட்டர்லயும் போடுவோம். பால்காரனுக்கு எழுதற சீட்டுல கூட..."

மோரீன் பெருமூச்சு விட்டாள்.

"அது ஒரு தகராறுல சமாதானம் பேசறப்போ போடறது, கண்ணு. 'இவ்வளவு தர்றேன், முடிச்சுக்கலாம்'னு எழுதினா, பின்னாடி அதையே உனக்கு எதிரா காட்டக் கூடாதுன்னு. கொலையை மூடி மறைக்க இல்ல!"

க்ளைவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அப்போ... யார் போட்டாலும் செல்லாதா?"

"கொலைக்குச் செல்லாது."

விருட்டென்று மேஜை டிராயரை இழுத்தான். இன்னொரு கடிதம்!

"இந்தாங்க, அம்மணியோட பதில். இதுலயும் மேல அதேதான்."

மோரீன் படித்தாள்.

'வித்தவுட் ப்ரெஜுடிஸ். நான் சொன்னபடியே அவனை முடித்ததற்கு நன்றி. பாதி போதாது. முழுக் கம்பெனியும் வேண்டும். இல்லையென்றால் போலீசுக்குப் போவேன். படித்ததும் எரித்துவிடு.'

"அடப்பாவி! நீ எரிக்கலையா?" பிரெண்டா அலறினாள்.

"அதான் மேல போட்டிருக்கியே, எதுக்கு எரிக்கணும்னு ஃபைல்ல வெச்சேன்..."

இரண்டு பேருக்கும் விலங்கு மாட்டிய பிறகுதான் மோரீனுக்கு மூச்சே வந்தது.

பிரெண்டா விடுவதாக இல்லை.

"அநியாயம்! உங்க மேலதிகாரிக்கு எழுத்து மூலமா புகார் கொடுப்பேன்!"

"அவசியம் எழுதுங்க மேடம்," என்றாள் மோரீன். "நீங்க எழுத எழுத எங்களுக்கு வேலை குறையுது!"