ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய மருந்து

மனித குலத்தைப் போதையிலிருந்து மீட்பதற்கென்றே சிலர் பிறவி எடுக்கிறார்கள். அப்படிப் பிறந்த ஒருவர், தாம் நடத்தும் மறுவாழ்வு இல்லத்தின் கூடத்தில் ஆளுயரப் படமாகத் தொங்கினார். திங்கட்கிழமை காலை 11.00 மணிக்கு, படத்துக்கு நேர்கீழே லாரி டிரைவர் வாந்தியெடுத்தார்.

11.10. அடுத்தடுத்த கட்டில்களில் இன்னும் நான்கு பேர். கொட்டாவி, மூக்கொழுகல், குளிரில்லாமலே புல்லரித்த மேனி, வயிற்றைப் பிடித்தபடி கழிவறைக்கு ஓட்டம். ஹெராயினை விடுவதற்காகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு மெதடோன் சிரப் குடிப்பவர்கள் அவர்கள். நர்ஸ் பரிசோதனைப் பட்டையை மருந்துப் பாட்டிலில் நனைத்தாள். நிறமும் கசப்பும் அப்படியே இருந்தன. மருந்துதான் இல்லை.

டிரைவர் செருப்பைத் தேடி மாட்டினார். "வெளியே பழைய சரக்கு ஆளைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"அதுல என்ன கலந்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? போனா உயிரோட வரமாட்டீங்கண்ணே. உக்காருங்க," என்றாள் நர்ஸ்.

உட்கார்ந்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

12.15. பெண் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்கள். திரைகள் மூடிய, மங்கலான அறை. அந்த மங்கலிலும் இயக்குநரின் கண்மணிகள் கடுகளவே இருந்தன. தொண்டு செய்கிறவர்களுக்கே உரிய கூர்மை என்று ஏட்டு வியந்தார்.

"கேஸ் ரொம்ப சிம்பிள் மேடம்," என்றார் இயக்குநர். "ஒன்பது மணிக்கு ஊத்தினது நர்ஸ். பதினொண்ணுக்கு எல்லாரும் விழுந்துட்டாங்க. கூட்டிட்டுப் போங்க, அந்த ஆறாவது கட்டில் தையல்காரனையும் சேர்த்து."

"அவரை எதுக்கு?"

"அதே பாட்டில்லதான் அவனும் குடிச்சான். அவனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே! கூட்டுக் களவாணி."

கதவோரம் நின்ற நர்ஸ் ஓரடி முன்னால் வந்தாள். "கேஸ் ஆச்சுன்னா என் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க மேடம். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசியைத் தொட முடியாது."

12.40. தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அக்கா வீட்ல. ஒரு நாள் மருந்தைச் சனிக்கிழமையே நர்ஸம்மா தனியா ஊத்திக் குடுத்தாங்க. காலைல அங்கயே குடிச்சேன்."

"இங்கே நேத்து யார் ஊத்தினது?"

"ஆண்டு விழா இல்லையா, ஐயாவே தன் கையால ஊத்தினாராம். போட்டோ சரியா விழலன்னு டிரைவர் அண்ணனை மூணு தரம் வாயைத் திறக்க வெச்சாராம். நர்ஸம்மாவுக்கு ஞாயிறு லீவு. சனிக்கிழமை சாயங்காலமே அலமாரிச் சாவியை ஐயாகிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் போவாங்க." சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

1.05. அதே மங்கலான அறை. கூடத்திலிருந்து யாரோ முனகும் சத்தம். இன்ஸ்பெக்டர் இயக்குநரின் மேசைக்கு எதிரே அமர்ந்தார்.

"ஹெராயின் நின்னா அரை நாள்ல உலுக்கிடும் சார். மெதடோன் மெதுவா இறங்குற மருந்து. ஒரு வேளை தவறினதுக்கு ரெண்டே மணி நேரத்துல அஞ்சு பேரும் இப்படி விழமாட்டாங்க. இவங்களுக்குக் கடைசி நல்ல மருந்து சனிக்கிழமை. நேத்து குடிச்சதும் தண்ணிதான். தையல்காரர் நேத்து குடிச்சது நல்ல மருந்து. அதான் அவருக்கு இப்பத்தான் கொட்டாவியே வருது. இன்னைக்குப் பாட்டில் ஆறு பேருக்கும் ஒண்ணு. வித்தியாசம் ஞாயிற்றுக்கிழமை. அன்னைக்குச் சாவி உங்ககிட்ட."

"எனக்கு எதுக்கு மேடம் அந்த மருந்து?"

"ஏட்டய்யா, இந்த இருட்டுல உங்க கண்மணி விரிஞ்சிருக்கு. சார் கண்ணைப் பாருங்க. உள்ளே மருந்து இருந்தா அது விரியாது."

நிஜ மருந்து, 'சிறந்த சமூக சேவகர்' கேடயத்துக்குப் பின்னால் இருந்தது. பாட்டிலில் கால்வாசி குறைந்திருந்தது.

"முதுகுவலி மாத்திரையில ஆரம்பிச்சது," என்றார் இயக்குநர், முதல்முறையாக மைக் இல்லாத குரலில்.

நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டு அளவு கேட்டு, முதலில் டிரைவருக்கு ஊற்றினாள். அவர் செருப்பைக் கழற்றினார்.

புதன்கிழமை காலை 10.30க்கு, லாக்கப்பில் இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அங்கே கழிவறைக்குக் கதவு கிடையாது.