அஞ்சாவது அருவி

அன்று அந்த மாடியறையில் இருந்தவர்கள்: அறையின் சொந்தக்காரரும் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருமான பூபதி, சட்டையில் எண்ணெய்க் கறையோடு லேத் பட்டறையிலிருந்து வந்த மாதேஷ், அவன் நண்பன் தௌசிப்... கார்டு ஆட்டத்தில் ஓசூரில் அவனை ஜெயித்தவர் கிடையாது. அப்புறம், தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் இறங்கி, பாதி நனைந்து, வாசலில் தயங்கி நின்ற ஒருத்தி. பெயர் அதியா.

"இங்கதான் கார்டு ஆடுறாங்களா?"

தௌசிப் நிமிர்ந்தான். அவள் இமையில் ஒரு மழைத்துளி... விழுமா, விழாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் எதிரில் உட்கார்ந்து ஆடத் தொடங்கினாள். சீட்டாட்டம் இல்லை; நிலமும் மிருகமும் வரைந்த அட்டைகள், ஆளுக்கொரு கட்டு. நில அட்டைகளை இறக்கினால்தான் அவற்றின் பலத்தில் மிருகங்களை அழைக்கலாம். ஒரு முறைக்கு ஒரு நிலம். அவள் வெறும் காடாகவே இறக்கினாள். காடு... காடு... மறுபடியும் காடு.

"என்னங்க, ஜவளகிரி காட்டையே கட்டி எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"இருங்க, யானை வரும்."

வந்தது. அட்டை முழுக்க நிறைந்த யானை. அவசரமே தெரியாத விரல்கள் அதை மெல்ல வைத்தன. தௌசிப் இரும்பு வார்ப்பாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உலைக் கதவு திறந்ததும் உருகிய இரும்பைப் பார்த்து வாயடைத்து நின்றானே... அதே போல ஆகிவிட்டான்.

தடுமாறியபடி இன்னும் ஒரு அருவி அட்டையை இறக்கினான். இரட்டைப் பலம் தரும் நிலம் அது.

"இது அஞ்சாவது அருவி," என்றாள்.

"நிலம் எத்தனை வேணா வெச்சுக்கலாம்ல?"

"சாதா நிலம்தாங்க அப்படி. இந்த மாதிரி விசேஷ நிலம் மத்த கார்டு போலத்தான். நாலுக்கு மேல கூடாது."

ஆலை கேன்டீனில் அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் கன்னடத்தில் சொன்னதைப் பாதி புரிந்துகொண்டு, இந்த அறைக்கே ஆட்டம் சொல்லிக்கொடுத்தவன் தௌசிப். அவனுடைய அட்டைக்கட்டில் ஒன்பது அருவிகள். அவை போனால் அவன் பெயரும் போகும்.

"இங்க இப்படித்தான் ஆடுறோம்," என்றான் விறைப்பாக.

"அப்ப நீங்களே ஆடிக்குங்க."

அட்டைகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அந்தக் கண்களில் கோபம்கூட இல்லை. ஏமாற்றம்.

தௌசிப் செல்போனில் ஆட்ட விதியைத் தேடினான். அவள் சொன்னதுதான் சரி. பேசாமல் இருந்துவிடலாம்... யாரும் கேட்கப்போவதில்லை. அவள் படியிறங்கிப் போய்விடுவாள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவனுக்குத் தாங்கவில்லை.

"நில்லுங்க! மாதேஷ்... நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்டா."

"அப்ப என்கிட்ட ஜெயிச்சதெல்லாம்?"

"எல்லாம் கள்ளாட்டம்தான்."

"அடப்பாவி பாய்! ஒவ்வொரு தடவையும் பிரியாணி வாங்க வெச்சியே!"

அதியா சிரித்துவிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஐந்து அருவிகளை எடுத்துவிட்டு, சாதா நிலம் சேர்த்து மறுபடி ஆடினான் தௌசிப். சுத்தமாகத் தோற்றான்.

மாதேஷ் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினான். அவளும் எழுந்தாள். வாசலில் தௌசிப் கேட்டான்.

"அடுத்த ஞாயிறு வருவீங்களா?"

"தோக்கிறதுக்கு அவ்வளவு ஆசையா?"

"இல்லங்க... உங்களைப் பார்த்துட்டே இருக்கணும். கையில கார்டு இருக்கறதே மறந்துடுச்சு. பிடிச்சிருக்கு... உங்களை."

அவள் மழையையே பார்த்தாள்.

"எனக்கும்தான்... ஆனா யாரும் ஜெயிக்காத ஆளை இல்ல. கள்ளாட்டம்னு வாய்விட்டுச் சொன்ன ஆளை."

"படியில நின்னு பேசுங்கப்பா, நான் சாப்பிடணும்," என்றார் பூபதி.

இருவரும் சாரலில் கால் வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழிட்டார் பூபதி.