அமீபா என்று யாரும் எழுதவில்லை!

"ஐயோ... கண்ணு! என் கண்ணைப் பிடுங்கிப் போட்டுடுங்க!"

கண் வார்டிலிருந்து கிளம்பிய அலறல் கோடிங் அறைக்குள் புகுந்தது.

கீபோர்டில் ஓடிய அவள் விரல்கள் நின்றன.

அவள் மெடிக்கல் கோடர். டாக்டர் சொல்லும் நோயை எண்ணாக மாற்றுவது அவள் வேலை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ்காரன் மருந்துக்குத் தலையாட்டுவான். அந்த எண்களைக் கூட்டிப் பார்த்துத்தான் சுகாதாரத் துறை தூக்கம் கலையும்.

அலறியவள் ஒரு ஸ்கூல் வேன் டிரைவர். அவளுடைய ஃபைல்தான் திரையில் இருந்தது.

'கண்ணில் தொற்று.'

அவ்வளவுதான்!

எந்தக் கண்? எந்தக் கிருமி? கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினாள். போன வேகத்தில் அதே இரண்டு வார்த்தைகள் திரும்பி வந்தன. சமீபத்தில் இப்படி எத்தனை ஃபைல்கள்!

"மறுபடியுமா!" மவுஸை மேஜையில் குத்தினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா சத்தம்? இருக்கறதை வச்சு கோட் போடு."

"இருக்கறதுல ஒண்ணுமே இல்லையே சார்!"

"அப்ப சாதாரணத் தொற்றுன்னு போடு. டாக்டரைப் போய்த் தொந்தரவு பண்ணாதே."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

டாக்டர் தன் அறையில் இன்ஷூரன்ஸ்காரனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"சாதாரண சொட்டு மருந்தா? அதை ஊத்தினா அந்தப் பொண்ணுக்குக் கண்ணே போயிடும்யா! ஹலோ... ஹலோ..."

போனை வீசினார். அவளைப் பார்த்தார்.

"வாம்மா, உன்னாலதான்! நீ சரியான கோட் போடாததாலதான் மருந்துக்கு அனுமதி தரமாட்டேங்கறான்!"

"நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா நான் ஏன் போடாம இருக்கேன் டாக்டர்? உங்களுக்குக் கேள்வி அனுப்பி அனுப்பி என் கை தேய்ஞ்சு போச்சு!"

"கேள்வியா? எனக்கு ஒரு கேள்வியும் வரலையே!"

"கண்ணில் தொற்றுன்னு எழுதினா எந்தக் கோட் போடுவேன்?"

"நான் எங்க அப்படி எழுதினேன்? கேளு!"

செல்போனில் தான் பேசிப் பதிவு செய்து அனுப்பிய குறிப்பை ஓடவிட்டார். அவருடைய குரலேதான்.

'வலது கண். கருவிழியில் அமீபா. லேப் உறுதி செய்திருக்கிறது. நோயாளி காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்...'

அவள் செல்போனைப் பிடுங்கி மறுபடி ஓடவிட்டாள்.

அமீபா! கருவிழியை அரித்துத் தின்னும் ஒட்டுண்ணி!

"டாக்டர்... இதுல ஒரு வார்த்தைகூட எனக்கு வரலை."

"நடுவுல யாரு பார்க்கறாங்க?"

"மேனேஜர். உங்க குறிப்பும் என் கேள்வியும் அவர் வழியாத்தான் போகும்."

இத்தனை நாள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த இருவரும் சேர்ந்தே வார்டுக்கு ஓடினார்கள்.

போய் நின்றது வேன் டிரைவரின் கட்டிலருகே.

"லென்ஸ் கழுவற மருந்து எங்கம்மா வாங்கினே?"

"இங்கதான் டாக்டர்... கீழே இருக்கற கண்ணாடிக் கடையில." தலையணைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். "என்னால மறுபடியும் வண்டி ஓட்ட முடியுமா?"

டாக்டர் பாட்டிலோடு லேபுக்கு ஓடினார். மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு.

"மருந்தா இது? குழாய்த் தண்ணி! உள்ளே அமீபா குடும்பமே நடத்துது!"

கூடவே ஓடி வந்திருந்த அவள் பற்களைக் கடித்தாள். காலி பாட்டில்களில் தண்ணீர் பிடித்து விற்றிருக்கிறார்கள். அமீபா என்று கோட் போனால் சுகாதாரத் துறை கடை வாசலில் வந்து நிற்கும். அந்தக் கடையைப் பார்த்துக்கொள்பவரோ மேனேஜர். அதனால்தான் மேனேஜர் அந்த வார்த்தையையே அழித்திருக்கிறார்!

டாக்டரின் குறிப்பை வைத்துச் சரியான கோட் போட்டு அவளே அனுப்பினாள். அனுமதி வந்தது. விசேஷ சொட்டு மருந்தும் வந்தது.

"வண்டி ஓட்டலாம்மா," என்றார் டாக்டர் முதல் சொட்டை விட்டுக்கொண்டே. "கொஞ்சம் தாமதிச்சிருந்தா நானே சத்தியம் பண்ணியிருக்க மாட்டேன்."

கோடிங் அறைக்குத் திரும்பியதும் அவள் தன் கொழுந்தனுக்குப் போன் செய்தாள். கணவனின் தம்பி. போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"நீங்க எதையும் தொடாதீங்க அண்ணி! இதோ வர்றேன்!"

வந்தான். கடைக்குப் பூட்டுப் போட்டான். பாட்டில்களை அட்டைப் பெட்டியோடு அள்ளிக்கொண்டு கோடிங் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து எழுந்து வந்தார்.

"சொல்லுய்யா! எத்தனை பேர் கண்ணோட விளையாடியிருக்கே!" சட்டையைப் பிடித்தான் கொழுந்தன்.

மேனேஜர் வெடித்தார்.

"சார்... என்ன சார் இது? ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கறேன்னு நீங்கதானே சொன்னீங்க! கடையில பாதிப் பங்கு உங்களோடதுதானே!"



அவள் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி...?"

கொழுந்தன் சட்டையை விட்டான். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாஷ்பேசினில் கவிழ்த்தான்.

"குடும்ப மானம் அண்ணி. அண்ணன் முகத்துக்காகவாவது வாயை மூடிக்குங்க. இனிமே சாட்சியே கிடையாது!"

"டிரைவர் பொண்ணோட பாட்டில்?"

கொழுந்தனின் கை நின்றது. "அது... எங்க?"

"டாக்டர் அதை எடுத்துக்கிட்டு அப்பவே சுகாதாரத் துறைக்குப் போயிட்டார். அவங்க ஜீப்தான் கீழே ஹாரன் அடிக்குது."

ஜன்னலுக்கு ஓடினான். எட்டிப் பார்த்தான். அப்படியே சுவரில் சரிந்தான். கண்கள் கலங்கின... ஈரக் கை முகத்தை நோக்கி உயர்ந்தது.

"அடடா, பார்த்து தம்பி!" என்றாள் அவள். "சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு அப்புறமா அழுங்க... அந்தக் கையால கண்ணைத் துடைச்சீங்கன்னா, அடுத்த கட்டில் உங்களுக்குத்தான்!"